பதினோராம் எண் சமர்ப்பணம்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என்னுடையது. உயிரோடு இருக்கும் ஒருவரை அச்சில் சாகடித்தேன். ஆறு பிரதிகள், கறுப்பு அட்டை, தங்க எழுத்து.

எழுதச் சொன்னது வஸீலா. செத்தவர் அவளுடைய அப்பா.

[சாகவில்லை. பாருங்கள், மறுபடியும் அதையே செய்கிறேன்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கஸன்தீனாவின் பாலங்களுக்குக் கீழே ஆறு காலங்காலமாக மௌனமாக..."

நிறுத்திவிட்டேன். ஆற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மௌனமாகவும் இல்லை அது. வேறு யாரோ எழுதியது என் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "மனைவியை இழந்த ஓர் இளைஞன்..."

இதையும் விட்டேன். உண்மைதான். ஆனால் இதில் தொடங்கினால் கடைசிவரை என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே படிப்பீர்கள். நான் சொல்ல வந்தது என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் பற்றி.

ஆகவே இப்படி: பெயர் ஸுஹைர். வயது முப்பத்தொன்று. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. அதே பல்கலைக்கழகத்தில் புவியியல் முதுநிலை மாணவன். ஆய்வேடு ஒன்று பாக்கி.

2

எங்கள் ஊரில், அல்ஜீரியாவின் கஸன்தீனாவில், ஆய்வேட்டின் முதல் பக்கம் சமர்ப்பணம். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு, ஓர் எழுத்தாவது கற்றுத்தந்த எல்லோருக்கும். வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பமே வரும். வருகிறவர்கள் படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். தங்கள் பெயரைத் தேடுவார்கள், கண்டுபிடிப்பார்கள், மூடிவைத்துவிட்டு இனிப்புத் தட்டைப் பார்ப்பார்கள்.

மாணவர்கள் நூற்றிருபது பக்கம் எழுதிக் களைத்துப்போய்த்தான் கடைக்கு வருவார்கள். சமர்ப்பணத்துக்குச் சொல் மிச்சமிருக்காது. அதனால் எங்கள் கணினியில் தயாராகப் பத்தொன்பது சமர்ப்பணங்கள் உண்டு. எண் சொன்னால் போதும். பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவோம்.

பத்தொன்பதையும் எழுதியது ஹஸ்னா. என் மனைவி. கடையில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது.

ஹஸ்னாவுக்கு இந்தக் கதையில் மூன்று வாக்கியம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒன்று: வேகமாகத் தட்டச்சு செய்வாள், மெதுவாகச் சாப்பிடுவாள். இரண்டு: சென்ற ஆண்டு மார்ச்சில் தலைவலி என்றாள், மருத்துவமனைக்கு இரண்டு பேராகப் போய் நான் ஒருவனாகத் திரும்பினேன். மூன்றாவதை இன்னும் எழுதவில்லை.

(வஸீலா இந்தக் கதைப் பிரதியின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "அவங்க சிரிப்பாங்கன்னு போடு. சத்தமா சிரிப்பாங்க." போட்டாயிற்று.)

பத்தாம் எண், உயிரோடு இருக்கும் தந்தைக்கு. "என் தோள்களுக்கு முன்பே என் சுமையைத் தூக்கியவருக்கு." பதினோராம் எண், இறந்த தந்தைக்கு. "இந்த நாளைக் காணாமல் மண்ணுக்குள் உறங்கும் தந்தையின் ஆன்மாவுக்கு."

வஸீலா அவசரத்தில் இருந்தாள். "அப்பாவுக்குன்னு ஒண்ணு இருக்குமே, அதப் போட்டுடு" என்றாள். நான் பதினொன்றைப் போட்டேன்.

எண்கள் எனக்கு மனப்பாடம். ஆகவே அறியாமை அல்ல. ஒன்றேகால் வருடமாக என் கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது என்று எழுதியிருந்தேன். (வஸீலா: "ஆதாரம்?") ஆதாரம் இல்லை. நீக்கிவிடுகிறேன்.

3

இந்த வஸீலா யார் என்று கேட்பீர்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு. என் வயதுதான். இரண்டு பிள்ளைகள், வேன் ஓட்டும் கணவன். பிற்பகலில் எங்கள் முதுநிலை வகுப்புக்கு வருவாள். கைப்பையில் எப்போதும் யாராவது ஒரு மாணவனிடமிருந்து பறித்த பொம்மை இருக்கும்.

நானூறு ஆய்வேடு தட்டச்சு செய்தவனுக்கு ஆய்வேடு எழுத வருமா? வந்தது. சிக்கலே அதுதான். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் வாக்கியங்கள் தாமே வந்து வரிசையில் நின்றன. "அண்மைக் காலத்தில் இச்சிக்கல் அறிஞர்களின் பெருங்கவனத்தை ஈர்த்துள்ளது." "இதிலிருந்து பெறப்படுவது யாதெனில்." அழகாக இருக்கும். பெறப்பட்டது என்ன என்று மட்டும் அடுத்த வரியில் இருக்காது.

வஸீலாவுக்கு நேர் எதிர். அவளுடைய முதல் பக்கம் முழுவதும் ஒரே வாக்கியம். காற்புள்ளிகூடக் கிடையாது. ஆனால் சொல்ல வந்தது உள்ளே எங்கோ இருந்தது.

குளிர்காலத்தில் பக்கங்களை மாற்றிப் படிக்க ஆரம்பித்தோம். நான் அவளுடைய வாக்கியங்களை வெட்டினேன். அவள் என் பக்க ஓரங்களில், பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்தும் சிவப்புப் பேனாவால், 'யார் சொன்னது?' என்று எழுதினாள். ஒரு பக்கத்தில் பதினான்கு இடத்தில்.

"'பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்கின்றனர்'ங்குற. எத்தன பேரு?"

"ரெண்டு."

"ரெண்டு பேரு எப்பிடிப்பா பெரும்பாலானவங்க ஆவாங்க? புருஷன் பொண்டாட்டியா அவங்க?"

"வழக்கமா அப்பிடித்தான் எழுதுவாங்க வஸீலா."

"எழுதுறவங்க எழுதட்டும். நீ அந்த ரெண்டு பேரோட பேரப் போடு. மூணாவதா ஒருத்தர் ஒத்துக்கலன்னா அதையும் போடு."

முதல் இயலை அப்படித்தான் சரிசெய்தேன். இரண்டாவதையும். அறிமுகமும் முன் ஆய்வுகளும் எப்படியும் பிறர் பேச்சுதான். யாருடையது என்று சொல்லிவிட்டால் போதும். மூன்றாவது அப்படியல்ல. அடுக்குமாடிகளில் மக்கள் தண்ணீரை எப்படிச் சேமிக்கிறார்கள் என்று நான் வீடு வீடாகப் போய்க் கேட்டது அது. அங்கே நான்தான் பேச வேண்டும்.

மூன்றாம் இயலை அவளிடம் காட்டவில்லை. பழைய ஆய்வேடுகளின் வாக்கியங்களை எடுத்து, நீர் என்ற சொல்லை உள்ளே வைத்து, முப்பத்தெட்டு பக்கம் நிரப்பினேன். திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. யாரிடமிருந்தும் ஒரு முழு வாக்கியம் எடுக்கவில்லை. என்னிடமிருந்தும் எடுக்கவில்லை.

ஹஸ்னா இறந்த வருடம் நான் எதையும் சமர்ப்பிக்கவில்லை. இதுதான் கடைசி அனுமதி. ஜூன் பத்தொன்பது, வியாழன், மூன்று மணிக்குள் ஆறு பிரதிகள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பட்டம் கிடைத்தால் கணக்கெடுப்பு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கடையை விட்டுப் போகலாம். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

எனக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

4

அதற்கு முந்தைய ஞாயிறு, எங்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள், காலையில் வஸீலாவின் வாய்மொழித் தேர்வு. புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அறையில் நாற்பது பேர். ஜூஸியா, மக்ரூத் என்று இனிப்புகள் அடுக்கிய தட்டுகள் பின் மேசையில். முன் வரிசையில் அவள் அப்பா லக்தர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில்.

என் ஆறு பிரதிகள் என் பையில் இருந்தன. அன்று பிற்பகலே கொடுத்துவிடுவதாக இருந்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பிரதியைத் திறந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"முதலில், மாணவியின் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

முன் வரிசையிலிருந்து ஒரு குரல்:

"எப்ப?"

தேர்வாளர் நிமிர்ந்தார்.

"சார், அந்த அப்பா நாந்தான். எனக்கு யாரும் சொல்லலையே."

வஸீலாவின் அம்மா எழுந்தே விட்டார். "காலையில முழு ரொட்டி ஒண்ணு தின்னுட்டுத்தான் சார் வந்தாரு. சர்க்கரை இருக்கு, அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் எங்கிருந்து எடுத்தது?" என்றார்.

வஸீலா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு அவரிடம் சொன்னாள்:

"ஜெராக்ஸ் கடையில சார். ரெடிமேடா இருக்கும். படிக்காம போட்டுட்டேன்."

"அப்படியானால் மற்ற பக்கங்கள்?"

[இந்த இடத்தில் நான் நெஞ்சு படபடத்தது என்று எழுத வேண்டும். படபடக்கவில்லை. எனக்கு அந்த ஆண்டு எதுவும் படபடக்கவில்லை. பையின் கனம் மட்டும் தெரிந்தது.]

"எந்தப் பக்கத்த வேணாலும் திறங்க சார். எந்த வரிய வேணாலும் கேளுங்க. ஏன் அப்பிடி எழுதினேன்னு சொல்றேன்."

அவர் ஐம்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். "'பெரும்பாலான குழந்தைகள் பெரிய சாலையைத் தவிர்க்கின்றனர்.' எத்தனை பேர்?"

"நாப்பத்திமூணுல இருபத்தொம்பது. மொதல்ல 'எல்லாரும்'னு எழுதியிருந்தேன். அப்புறம் நானே ரெண்டு நாள் அங்க நின்னு பாத்தேன். பதினாலு பேரு பெரிய சாலையிலதான் போறாங்க. அங்க பேக்கரி இருக்கு. அது அடிக்குறிப்புல இருக்கு சார்."

அவர் அடிக்குறிப்பைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அதன்பின் கேள்விகள் மாறின. அது வேறு தொனி.

இருபதுக்குப் பதினாறு மதிப்பெண். அம்மா குலவையிட்டார். இனிப்புத் தட்டு சுற்றியது.

லக்தர் என்னிடம் வந்தார். கையில் ஒரு பிரதி, முதல் பக்கம் திறந்தபடி.

"நான் செத்தா எப்பிடி எழுதுவாங்கன்னு பாத்துட்டேன்பா. நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதினது?"

"என் மனைவி, மாமா."

"கூப்பிடு அந்தப் பொண்ண. ஒரு வார்த்தை சொல்லணும்."

வஸீலா அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் பக்கத்தை மூடினார். "அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மக்ரூத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிசுபிசுப்பாக இருந்தது. தின்றேன்.

வஸீலா பையைப் பார்த்தாள்.

"உன்னோடதா?"

"ஆமா."

"மூணாம் இயல ஏன் எனக்குக் காட்டவே இல்ல?"

பிரதியை எடுத்தாள், நின்றபடியே நாலு பக்கம் படித்தாள். பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"ஸுஹைர், யாராவது இதுல ஒரு வரியக் கேட்டா உன்னால பதில் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"வியாழக்கிழமதானே கடைசி?"

5

துஹாமி பெரியப்பா, கடை முதலாளி, நான் பைண்டிங்கைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுப்பே. உன்னோடத நீயே கிழிக்கிறே."

"தப்பாயிருக்கு பெரியப்பா."

"எந்தப் பக்கம்?"

"முப்பத்தெட்டு பக்கம்."

"அதுக்குப் பேரு தப்பு இல்லடா. அதுக்குப் பேரு வேற புஸ்தகம்." பிறகு, "அந்த ஓர மேசைய எடுத்துக்க. வியாழக்கிழம வரைக்கும் உன்கிட்ட யாரையும் அனுப்பல" என்றார்.

ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, பதில் சொல்ல முடியாததைப் பென்சிலால் சுழித்தேன். மாலைக்குள் நான்கு பக்கம் மிஞ்சியது. அதில் ஒன்று வரைபடம்.

திங்கள் காலை கள நோட்டுகளைத் திறந்தேன். நவம்பரில் எழுதியவை. என் கையெழுத்துதான், ஆனால் எழுதியது நினைவில் இல்லை. ஆறு கட்டடங்கள், கட்டடத்துக்குப் பத்து வீடு. இருபத்திரண்டு வீடுகளில் வாரத்துக்கு இரண்டு முறைதான் தண்ணீர். முப்பத்தொன்பது வீடுகளில் நாள் முழுவதும் வருகிறது. வர ஆரம்பித்து ஆறு வருடம். அந்த முப்பத்தொன்பதில் முப்பத்தாறு வீடுகள் இன்னும் டிரம்களை நிரப்பி வைக்கின்றன.

கிழித்துப்போட்ட இயலில் இதற்கு ஒரு காரணம் எழுதியிருந்தேன். பள்ளி முடிந்து வந்த வஸீலா அதைக் குப்பையிலிருந்து எடுத்துப் படித்தாள்.

"'மக்களிடையே விழிப்புணர்வு இல்லாமையே இதற்குக் காரணம்.' யாருக்குப்பா விழிப்புணர்வு இல்ல?"

"மக்களுக்கு."

"பதினாலாம் வீட்டு அம்மா, குழாய்ச் சத்தத்த வெச்சே எந்த மாடியில தொட்டி நிரம்புதுன்னு சொல்றாங்கன்னு உன் நோட்டுலயே இருக்கு. அவங்களுக்கா இல்ல?"

"சரி. அப்ப காரணம் என்ன?"

"எனக்கென்ன தெரியும். நீதானே வீடு வீடாப் போன."

காரணம் எனக்கும் தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது? நானூறு ஆய்வேடுகளில் ஒன்றிலும் அதற்கு மாதிரி இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எழுதினேன்:

"தண்ணீர் தடையின்றி வரும் வீடுகளிலும் சேமிப்பு தொடர்கிறது. ஏன் என்பதை இந்த ஆய்வின் கேள்விகள் காட்டவில்லை."

சின்ன வாக்கியம். ஜோடனை இல்லை. எழுதிய பிறகு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நாளுக்குப் பிறகு எதையோ நானே பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

செவ்வாய், புதன் அப்படியே போயின. ஒரு வாக்கியம், அதற்கு நோட்டில் ஒரு பக்க எண், அடுத்த வாக்கியம். பத்தொன்பது பக்கம் வந்தது. பாதிதான். வியாழன் மதியம் பெரியப்பாவே பைண்டிங் செய்தார். இரண்டு நாற்பதுக்கு அலுவலகத்தில் கொடுத்தேன். சமர்ப்பணப் பக்கம் வைக்கவில்லை. எழுத்தர் இரண்டு முறை தேடிப் பார்த்தார்.

6

இங்கே கதையை முடிக்கலாம். இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

முடிவு அ: வஸீலாவை நான் மணக்கிறேன். சிலர் இரண்டாம் பகுதியிலிருந்தே இதை எதிர்பார்த்திருப்பீர்கள். வேன் ஓட்டும் கணவனை அதற்காகத்தான் மூன்றாம் பகுதியிலேயே நிறுத்திவைத்தேன். (வஸீலா: "அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். வேனுக்கு என்ன நிறம்னு போடலையேன்னு கேக்குறாரு." வெள்ளை.)

முடிவு ஆ: "அந்த ஐந்து நாட்களில் அவன் வாழக் கற்றுக்கொண்டான்."

இது அந்த முப்பத்தெட்டு பக்கத்திலிருந்து தப்பி வந்த வாக்கியம். பென்சிலால் சுழித்துவிட்டேன். கற்றுக்கொண்டது ஆய்வேட்டில் பத்தொன்பது பக்கம் எழுதுவதை. அதற்குமேல் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

நடந்தது கீழே.

7

பத்து நாள் கழித்து என் வாய்மொழித் தேர்வு. எனக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். வஸீலா வந்தாள். பெரியப்பா கடையை மூடிவிட்டு வந்தார். லக்தர் மாமா அதே கோட்டில், அவர் மனைவி கையில் தட்டோடு. "எனக்காக இல்லப்பா, இவருக்கு உயிரோட ஒரு வைவா பாக்கணுமாம்" என்றார் அந்த அம்மா.

தேர்வாளரும் அதே ஆள். ஒரு மணி நேரம் கேட்டார். எந்த வரியைக் கேட்டாலும் நோட்டின் பக்க எண்ணைச் சொன்னேன். கடைசியாகப் பின்னிணைப்பைத் திறந்தார்.

"ஆறு கட்டடம், கட்டடத்துக்குப் பத்து. அறுபது வீடு என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம் சார்."

"இருபத்திரண்டும் முப்பத்தொன்பதும் எவ்வளவு?"

நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. நீங்களும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"அறுபத்தொன்று."

அவர் ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினார். "இது எந்தக் கட்டடத்திலும் சேரவில்லை. யார் வீடு?"

என் கையெழுத்து. நவம்பர் மூன்று. களத்துக்குப் போகும் முன் கேள்விகளைச் சோதிப்பதற்காக நானே நிரப்பியது. சோதனைப் படிவம் மற்றவற்றோடு கலந்துவிட்டது.

"என் வீடு சார்."

"தண்ணீர் நாள் முழுவதும் வருகிறது. மூன்று டிரம். நிரப்புபவர்: மனைவி."

பின் வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். வஸீலாவாக இருக்கலாம்.

"அது தப்பு சார். அவங்க அந்த வருஷம் மார்ச்லயே இறந்துட்டாங்க. நவம்பர்ல நிரப்பினது நான். இப்பவும் நாந்தான் நிரப்புறேன்."

அவர் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி அனுதாபம் சொல்ல அவருக்குத் தயக்கமாக இருந்திருக்கும்; போன முறை நடந்தது அப்படி. பிறகு சாதாரணக் குரலில் சொன்னார்:

"எடுத்துவிடலாம். அறுபதாக வைத்தாலும் உங்கள் முடிவு மாறாது."

"தெரியும் சார்."

"அப்படியென்றால்?"

"எடுக்க வேணாம்னு நினைக்கிறேன். ஆனா என் வீடுன்னு சொல்லணும். படிவத்தையும் திருத்தணும். ஒரு அடிக்குறிப்பு எழுதுறேன்."

"எழுதுங்கள்" என்றார். குழு மதிப்பெண் முடிவுசெய்ய வெளியே போனது. கதவு மூடியது.

பின்னால் தட்டின் மூடியைத் திறக்கிறார்கள். பெரியப்பா யாரிடமோ, "என் கடைப் பையன்" என்கிறார். நான் என் பிரதியில் எழுபத்தோராம் பக்கத்தைத் திறந்து, கீழே வெள்ளையாக இருக்கும் இடத்தில் எழுதிப் பார்க்கிறேன்.

"அறுபத்தோராம் வீடு ஆய்வாளருடையது."

போதாது. உண்மைதான், ஆனால் ஒளிந்துகொள்கிறது.

"அறுபத்தோராம் வீடு என்னுடையது. அங்கே ஒருவர் வசிக்கிறார். குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருகிறது. இருந்தும் மூன்று டிரம்களையும் வாரம் ஒருமுறை காலிசெய்து மறுபடி நிரப்புகிறேன்."

பரவாயில்லை. இன்னும் ஒன்று வேண்டும். ஏன் என்பது. மற்ற முப்பத்தைந்து வீடுகளுக்காக நான் பதில் சொல்ல முடியாது. இந்த ஒரு வீட்டுக்கு முடியும். இந்த ஒரு வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

"நான் நிரப்புவதற்குக் காரணம்,"

கதவு திறக்கிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். முடிவை நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

நீங்களும் எழுந்து நில்லுங்கள். மதிப்பெண்ணை எனக்காகக் கேட்டுவையுங்கள். நான் இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு வருகிறேன்.